பதினாறாம் எண் பாட்டில்

14 ஜூலை 2024, ஞாயிறு

காலை டீ மறுபடியும் திரிந்துவிட்டது. பால்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நம் பம்புத் தண்ணீரின் லட்சணம் அப்படி. கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டால் இந்த வீட்டில் டீ கிடையாது, அவ்வளவுதான்.

மாலை சமுதாயக் கூடத்தில் கூட்டம். சென்னையில் கடலோர நீர் ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறதாம், அங்கிருந்து ஆதவன் என்ற விஞ்ஞானி வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நாற்காலி போட்டும் உட்காரவில்லை, எங்களோடு பாயில்தான் உட்கார்ந்தார். புதிய குடிநீர்க் குழாய்த் திட்டத்தில் கோட்டுச்சேரிமேட்டுப் பக்கத்து ஊர்களைச் சேர்க்கப் போகிறார்கள். ஊரில் பாதி வீடுகளுக்கு மேல் போர் தண்ணீரில் உப்பு லிட்டருக்கு இரண்டாயிரம் மில்லிகிராமைத் தாண்டினால்தான் பட்டியலில் இடம். அதை அதிகாரிகள் வந்து அளக்க மாட்டார்கள், ஊர்க்காரர்களே ஆறு மாதம் அளந்து எழுதட்டும், அதை ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

“இது உங்க தண்ணி, உங்க அறிவியல். விஞ்ஞானி நீங்கதாங்க. நான் சும்மா கூடமாட உதவிக்கு வந்தவன்.”

யார் அளப்பது என்று கேட்டதும் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். காரைக்காலில் பள்ளி ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக உதவியாளர் வேலை. குடுவை கழுவியிருக்கிறேன், கரைசல் கலக்கியிருக்கிறேன், பிள்ளைகள் உடைத்த பிப்பெட்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். விஞ்ஞானி என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் ஆசையாகத்தானே இருக்கும்?

நாலு பக்கம் ஆங்கிலத்தில் படிவம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். ரெக்கார்டு நோட்டைப் படிக்காமல் நீட்டுகிற பிள்ளைகளைப் பார்த்துக் கத்துகிறவள் நான்தான். இன்று நானும் படிக்கவில்லை.

இவர் வரும் வழியெல்லாம் முணுமுணுத்தார். “ஊர் வம்பு உனக்கு எதுக்கு சுந்தரி?” வம்பில்லை, தண்ணீர் என்றேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் அளவு. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஒவ்வொரு வீட்டிலும் பம்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அரை லிட்டர் பாட்டிலில் பிடித்துக் கேட்டில் வைத்துவிட வேண்டும். பாட்டிலில் வீட்டு எண் பெயிண்டில் எழுதியிருக்கிறது. நான் சேகரித்து வந்து மீட்டரை வைக்கிறேன். பேனா அளவு மீட்டர். வைத்தால் எண் வந்து நிற்கிறது.

நாற்பத்திரண்டு வீட்டில் முப்பத்தொன்று, இரண்டாயிரத்துக்கு மேல்! நம் வீடு எண் 16: 2340. ஊரிலேயே அதிகம் எதிர்வீட்டுக் காசியம்மாக்கா, எண் 27: 2610.

பூட்டியே கிடக்கிற ரேஷன் கடைச் சுவரில் ஆதவன் சார் ஒரு கரும்பலகை மாட்டச் சொல்லியிருந்தார். வீட்டு எண், அதற்கு நேரே அளவு. “மறைக்க ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் வெளிப்படையா இருக்கட்டும். பஸ்ல எறங்குறவன்கூடப் படிக்கணும்” என்றார். என் கையெழுத்து அழகாக விழுந்தது. நாற்பத்திரண்டு வரி, ஒரு கோணல் இல்லை.

காசியம்மாக்கா இடுப்பில் கை வைத்து நின்று படித்துவிட்டுச் சிரித்தது. “நாந்தான் மொத மார்க்கா? ஒரு மிட்டாயாவது குடுடி.”

25 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடி முடிந்ததும் பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். மயிலாடுதுறைப் பக்கம். நல்ல குடும்பம். மகன் கதிரவனுக்கு முப்பது ஆகிறது. துறைமுகத்தில் வேலை, சொந்த வீடு, மூன்று மா நிலம். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஜாதகம் ஏற்கெனவே பார்த்துப் பொருந்திவிட்டது. பெண்ணின் படத்தைக் கதிரவன் போனில் இரண்டு முறை திறந்து பார்த்ததை நானும் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

காபி கேன் தண்ணீரில்தான் போட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெண்ணின் அத்தை கேட்டார்: “பதினாறாம் நம்பர் உங்க வீடுதானுங்களே? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எழுதியிருந்துச்சு.”

ஆமாம் என்றேன். நான்தான் எழுதினேன் என்றும் பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்ப் பம்படியில் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார்.

28 ஆகஸ்ட், புதன்

போன் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம்.

1 செப்டம்பர், ஞாயிறு

இரண்டு நாளாக இவரோடு சண்டை. “பலகையில நம்ம நம்பர மட்டும் அழிச்சுடு” என்றார். அழித்தால் அடுத்தவர் எண்ணை எந்த முகத்தோடு எழுதுவேன்? “ஒம் மூஞ்சிய வச்சுக்கிட்டு எம் புள்ளைக்குக் கல்யாணம் ஆவுமா?” என்றார். கதிரவன் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

இந்த மாதம் இருபத்தேழு வீடு. நாலு வீட்டில் சட்டென்று குறைந்திருக்கிறது. நம் வீடு அதே 2340. ஆதவன் சாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், நாலு வீட்டில் மறுபடி அளக்கட்டுமா என்று கேட்டேன். உடனே பதில்: “ரொம்ப சுவாரசியமா இருக்கு மேடம். எதையும் திருத்த வேண்டாம். வந்ததை வந்தபடி எழுதுங்க.”

அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மண் மாதிரி எடுக்க வந்தார்கள். நம் கொல்லைக்கும் வந்து, பம்பில் கை கால் கழுவிவிட்டு ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டார்கள். இதைக் குடிக்கவா போகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள்.

6 அக்டோபர், ஞாயிறு

பத்தொன்பது வீடு. நம் வீடு 1040!

நம்ப முடியாமல் மூன்று முறை வைத்தேன். பள்ளியிலிருந்து கொண்டுவந்த, உப்பே இல்லாத வாலைவடிநீரில் வைத்துப் பார்த்தேன், 2 காட்டியது. மீட்டரில் கோளாறில்லை. “வாய்க்கால்ல தண்ணி வந்து ரெண்டு மாசமாச்சு. மண்ணு குடிச்சிருக்கும்ல?” என்றார் இவர். இருக்கலாம். ஆற்றுத் தண்ணீர் இறங்கினால் உப்பு கீழே போகும், பாடத்திலேயே இருக்கிறது.

டீ மட்டும் இன்றும் திரிந்தது. வாயில் வைத்தால் அதே கரிப்பு. பழகிப்போன நாக்கு, அதன் பேச்சைக் கேட்கக் கூடாது. நாக்கு ஒரு கருவியில்லை என்று பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

3 நவம்பர், ஞாயிறு

பதினான்கு. தீபாவளிக்கு ரேஷன் கடையைத் திறந்து அரிசி போட்டார்கள். வரிசையில் நின்ற ஊரே பலகையைத்தான் படித்துக்கொண்டிருந்தது. காசியம்மாக்கா வீடு 620 என்று வந்திருக்கிறது. கோயில் பிரசாதம் மாதிரி ஆகிவிட்டதே உங்கள் தண்ணீர் என்றேன். அக்கா சிரிக்கவில்லை. அவசரமாக உள்ளே போய்விட்டது.

1 டிசம்பர், ஞாயிறு

புயல் மழை. பாட்டில் இல்லை.

5 ஜனவரி 2025, ஞாயிறு

ஏழு வீடுதான்.

எல்லாருக்கும் தண்ணீர் நல்லதாகிக்கொண்டு வந்தால் நான் ஏன் நோட்டை மறுபடி மறுபடி புரட்டுகிறேன்? பதினெட்டு வீட்டில் 600-க்கும் 640-க்கும் இடையிலேயே நிற்கிறது. இயற்கை இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யுமா? ஆதவன் சாரிடம் போனில் கேட்டேன். “டேட்டா சொல்றதைக் கேப்போம் மேடம், நம்ம ஆசையைக் கலக்க வேண்டாம்” என்றார். படித்தவர். அவருக்குத் தெரியாததா.

22 ஜனவரி, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். பந்தல், மைக், மேடையில் அதிகாரி, பக்கத்தில் ஆதவன் சார். பட்டியலில் நம் ஊர் இல்லை.

கூட்டம் எழுந்து கத்தியது. உப்புத் தண்ணீரில் குளித்துப் பிள்ளைகளுக்குத் தலைமுடி கொட்டுகிறது, சோறு மஞ்சளாக வேகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காசியம்மாக்கா ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு மேடைக்கே போய்விட்டது. “இத ஒரு மொடக்கு குடிச்சுட்டுப் பேசுங்க சார்.”

அதிகாரி கோபப்படவில்லை. தாளைப் புரட்டினார். “உங்க வீட்டு நம்பர் என்னம்மா?” அக்கா இருபத்தேழு என்றது. “இருபத்தேழு… அறுநூத்துப் பத்து. கோட்டுச்சேரி டவுன்ல நான் குடிக்கிற தண்ணிகூட இவ்வளவு நல்லா இல்லம்மா. நாங்க எழுதினது இல்ல, உங்க ஊர்க்காரங்களே அளந்து உங்க சுவத்துலயே எழுதினது.”

அக்கா சொம்போடு திரும்பி என்னைப் பார்த்தது. அது பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள்.

“எழுதினவ இந்தா நிக்கிறாளே, அவளக் கேளுங்க!” யார் கத்தினது என்று தெரியவில்லை. பின்வரிசை ஆள். அப்புறம் எல்லாரும். தப்புத் தப்பாக அளந்தாள், மீட்டர் பார்க்கத் தெரியாதவள், பள்ளிக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறவளுக்கு எதற்கு இந்த வேலை—

ஆதவன் சாரைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கள் சார், என் அளவு சரிதானே என்று மைக் இல்லாமலே கேட்டேன். அவர் மைக்கை இழுத்து, “இந்தத் தரவைப் பத்தி இப்போ கருத்துச் சொல்ற நிலையில நான் இல்ல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாயில் உட்கார்ந்தவர், இன்று நாற்காலியிலிருந்து இறங்கவே இல்லை.

23 ஜனவரி, வியாழன்

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு நேரே எதிர்வீட்டுக் கொல்லைக்குப் போனேன். கேட்கவில்லை. சுவிட்சைப் போட்டேன். பத்து நிமிடம் ஓடவிட்டேன். காசியம்மாக்கா கொடியில் துணி போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தது, தடுக்கவில்லை.

2680.

“ஏன்க்கா?”

“எனக்கு ரெண்டு பயலுவோ சுந்தரி. பெரியவனுக்கு முப்பத்திரண்டு. அந்தப் பலகையப் பாத்துட்டு மூணு எடம் தட்டிப்போச்சு. தெனம் கொடம் தூக்குற வூட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

“அதுக்காக…”

“நீ எங்க வூட்டு நம்பர நடுத்தெருவுல எழுதலன்னா நா எதுக்குடி பாட்டில மாத்தப்போறேன்?”

பிள்ளையார் கோயில் அடிபம்பிலிருந்து பிடித்து வைத்திருக்கிறார்கள். ஊரில் அது ஒன்றுதான் நல்ல தண்ணீர். அங்கே போய் அளந்தேன்: 612. இந்த மாதம் அந்த ஒரு பம்பைத்தான் பதினெட்டு முறை அளந்து, பதினெட்டு வீட்டுக்கு நேரே அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

நோட்டை விரித்து வைத்துப் பார்த்தேன். முதலில் குறைந்த நாலு வீட்டிலும் கல்யாணத்துக்குப் பையன் இருக்கிறான். அடுத்த மாதம் எட்டு வீடு, அதில் ஆறில் பையன். பிறகு மாடி வாடகைக்கு விடுகிறவர்கள், மனை விற்கப் பார்க்கிறவர்கள், பக்கத்து வீட்டைவிடத் தன் வீடு மட்டமாகத் தெரியக் கூடாது என்று நினைத்தவர்கள். கடைசிவரை மாறாத ஏழு வீட்டில் ஐந்தில் கிழவன் கிழவிகள் மட்டும்.

நம் வீட்டில் பையன் இருக்கிறான்.

நம் வீட்டு பாட்டிலைப் பிடிப்பது இவர்.

24 ஜனவரி, வெள்ளி

நம் பம்பு இன்று 2410. நோட்டில் அக்டோபரிலிருந்து 1040, 1050, 1040. கோயில் தண்ணீராக இருந்தால் 612 அல்லவா வர வேண்டும்? பாத்திரம் தேய்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன். மூன்று பங்கு கோயில் தண்ணீர், ஒரு பங்கு நம் வீட்டு 2340. கூட்டி நாலால் வகுத்தால் 1044.

கை ஈரத்தோடு போய் இவர் முன்னால் நின்றேன். “மூணுக்கு ஒண்ணு கலந்தீங்களா?”

பேப்பரை மடித்தார். “மொத்தமா மாத்துனா நீ கண்டுபுடிச்சுடுவ. அதான்.”

பத்தொன்பது வருஷம் கரைசல் கலந்தவளை வீட்டிலேயே ஒருத்தர் கலந்து ஏமாற்றியிருக்கிறார். அதுவும் அளந்து! உப்புத் தண்ணீர்க் காபியை முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டு, வாய்க்கால் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று எனக்கே பாடம் எடுத்துக்கொண்டு. நானும் தலையாட்டினேன். என் நாக்கு கரிக்கிறது கரிக்கிறது என்று சொன்னது, அதை வாயை மூடு என்றேன்.

“கூட்டத்துல எல்லாரும் என்ன திட்டுனப்ப பின்னாடிதான உக்காந்திருந்தீங்க? எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லலாமில்ல?”

“நா மட்டுமா செஞ்சேன்? தெருவே செஞ்சுச்சு. எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது.”

அடிபம்பிலிருந்து கேனைக் கொண்டுவந்து போட்டது யார் என்று கேட்டேன். இவர் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார். உள்ளேயிருந்து கதிரவன் சொன்னான்: “விடும்மா. முடிஞ்சுபோச்சு.”

அவனுமா.

2 பிப்ரவரி, ஞாயிறு

முதல் ஞாயிறு. நாற்பத்திரண்டு கேட்டிலும் ஒன்றுமில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

பள்ளியில் வேதியியல் டீச்சர் ஜொஹராவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். ஆதவன் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார். ஒரு கட்டுரை வெளிவந்திருக்கிறது. சும்மா திறக்கவில்லை, பல்கலைக்கழக ஆட்களுக்கு மட்டும்தான் திறக்குமாம். தன் அண்ணன் மகள் மூலம் எடுத்து வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

அது தண்ணீரைப் பற்றிய கட்டுரை இல்லை.

அளவுகளை வீட்டு எண்ணோடு பொதுவில் எழுதி வைத்தால் மக்கள் எவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லத் தொடங்குவார்கள் என்பதுதான் ஆய்வு. ஓர் ஊரில் பலகை, இன்னோர் ஊரில் பலகை இல்லை. பலகை இல்லாத ஊரில் ஆறு மாதமும் அளவு மாறவே இல்லை. பலகை வைத்த ஊர் நாங்கள். மண் மாதிரிக்கு வந்த ஆட்கள் மாதாமாதம் பத்து வீட்டுப் பம்பில் பிடித்துப் போய் உண்மை அளவை வைத்திருந்திருக்கிறார்கள். செப்டம்பரிலேயே தெரியும். நான் நாலு வீட்டில் மறுபடி அளக்கட்டுமா என்று கேட்டேனே, அந்த செப்டம்பர்.

நாங்கள் தண்ணீரை அளந்துகொண்டிருந்தோம். அவர் எங்களை அளந்துகொண்டிருந்தார்.

டீச்சர் ஓரிடத்தில் நிறுத்தினார். பரவாயில்லை, சொல்லுங்கள் என்றேன். “அளவெடுத்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண், பள்ளிப் பணியாளர். நடந்துகொண்டிருந்ததை இறுதிவரை அறியாதவர்.”

இவர் சொன்ன அதே வார்த்தை. உனக்குத்தான் தெரியாது. சென்னையில் ஒருத்தர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார், வீட்டில் ஒருத்தர் வாயால் சொன்னார். டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

12 பிப்ரவரி, புதன்

போன் செய்தேன். எடுத்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை, அதே “சொல்லுங்க மேடம்”.

“எங்கள வச்சு வெள்ளாடுனீங்களா சார்?”

“அப்படி இல்ல மேடம். முன்னாடியே சொல்லியிருந்தா ஆய்வே கெட்டுப்போயிருக்கும். படிவத்துல இருக்கு, மூணாம் பக்கம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“சரி, போட்டேன். உண்ம அளவு ஒங்க கையில இருந்துச்சே, அன்னிக்கு மேடையில ஏன் சொல்லல? எங்க ஊருக்குத் தண்ணி வர்ற நாளு சார் அது!”

“கட்டுரை வெளிவர்றதுக்கு முன்னாடி பொதுவுல சொல்ல விதி இடம் குடுக்காது.”

“வெளிப்படை வெளிப்படைன்னு எங்க வாயத் தொறக்க வச்சுட்டு, ஒங்களுக்கு மட்டும் விதியா? எம் புள்ள கல்யாணம் போச்சு. என்ன ஊரே காறித் துப்புது. எம் புருசனே—”

அதோடு போனை வைத்துவிட்டேன். ஆய்வகத்து மேசை இழுப்பறையில் படிவத்தின் நகல் இருந்தது. மூன்றாம் பக்கம், நடுவில்: சில விவரங்கள் ஆய்வு முடியும்வரை பங்கேற்பவருக்குச் சொல்லப்படாமல் இருக்கலாம். கீழே தமிழில் என் கையெழுத்து. கோணல் இல்லாமல்.

15 பிப்ரவரி, சனி

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பலகையில் எழுதும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. தண்ணீருக்காக மட்டும் வந்த சந்தோஷம் இல்லை அது. அடுத்த வீட்டுக்கு மார்க் போடுகிற சந்தோஷம். காசியம்மாக்கா முதல் மாதம் சிரித்ததைப் பார்த்தேன், இரண்டாம் மாதம் பலகையைப் பார்க்காமல் குனிந்து போனதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வரியை எழுதினேன்.

இன்று காலை பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். நாற்பத்திரண்டு வரியும் போயிற்று. ஜொஹரா டீச்சர் எழுதிக் கொடுத்த தமிழைப் பார்த்து மூன்றாம் பக்கத்தை முழுக்க எழுதினேன். அதன் கீழே கட்டுரையில் எங்களைப் பற்றி இருந்த ஆறு வரி. அதன் கீழே ஆதவனின் பெயரும், மையத்தின் பெயரும், அலுவலகத் தொலைபேசி எண்ணும். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், அவர் சொன்னதுதான்: மறைக்க ஒன்றும் இல்லை.

கடைசியில் இடம் இருந்தது. எண் 16, பலகையில் எழுதியது 1040, பம்பில் இருப்பது 2410 என்று எழுதினேன். வேறு வீட்டு எண் எதையும் எழுதவில்லை.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் படித்தார்கள். காசியம்மாக்காவுக்கு ஒருவர் வாசித்துச் சொல்ல, அது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது. “அப்ப நம்மள வச்சு வேடிக்க பாத்தானா அந்த ஆளு? பாயில ஒக்காந்து என் கையால மோரு வாங்கிக் குடிச்சானேடி!”

இவர் வயலிலிருந்து வரும்போது படித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து தானே சோற்றைப் போட்டுக்கொண்டார்.

20 பிப்ரவரி, வியாழன்

ஆதவன் போன். பலகையை யாரோ படம் எடுத்துப் பரப்பிவிட்டார்களாம், அலுவலகத்துக்கு நாள் முழுக்க அழைப்பு வருகிறதாம், மேலிடத்தில் விளக்கம் கேட்கிறார்களாம். “அதை அழிச்சிட முடியுமா மேடம்? சூழ்நிலை தெரியாம படிக்கிறவங்க தப்பா நினைப்பாங்க.”

“எங்க நம்பரப் படிச்சவங்களும் அப்படித்தான சார் நெனச்சாங்க” என்றேன். “பஸ்ல எறங்குறவன்கூடப் படிக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க.”

வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பத்து வீட்டு உண்மை அளவை அதிகாரிக்கு அனுப்புங்கள் என்றேன். அனுப்பினால் அழிப்பீர்களா என்றார். அனுப்புங்கள் என்று மட்டும் மறுபடி சொன்னேன்.

10 மார்ச், திங்கள்

அதிகாரியிடமிருந்து கடிதம். ஆய்வு மையம் அனுப்பிய பத்து வீட்டு அளவு கிடைத்ததாம். போன மாதம் நான் உண்மை அளவோடு தனியாகக் கொடுத்த மனுவை, அளவெடுத்தவர் அதே நபர் என்பதால் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாதாம். ஜூனில் அரசு ஆய்வகத்து ஆட்கள் நேரில் வந்து அளப்பார்கள். அதுவரை நம் ஊர் நிலுவையில்.

ஆதவனின் எண்ணை நம்பியிருக்கிறார்கள், என் எண்ணை நம்பவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தண்ணீர் வந்தால் சரி. ஆனாலும் வலிக்கிறது.

பலகையை நான் அழிக்கவில்லை. வெயிலில் தானாக மங்கிக்கொண்டிருக்கிறது.

6 ஏப்ரல், ஞாயிறு

பாட்டில் வையுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆறரைக்குக் கோலம் போட வெளியே வந்தால் எதிர்வீட்டு கேட்டில் ஒன்று நிற்கிறது. பெயிண்டில் எழுதிய எண்ணைப் பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள். தெருவோடு நடந்தேன். முப்பத்தெட்டு பாட்டில், ஒன்றிலும் எண் இல்லை. கூடையில் சேர்த்து வைத்துவிட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

ஜூனில் அவர்கள் வருவதற்கு முன் நாமும் ஒரு கணக்கு வைத்திருப்போம் என்று காசியம்மாக்காதான் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறது. “பத்து நிமிசம் ஓடவுட்டுத்தான் புடிச்சேன். சந்தேகமா இருந்தா வந்து பாத்துக்க.”

“வேணாங்க்கா” என்றேன். நிஜமாகவே வேண்டியிருக்கவில்லை.

முப்பத்தெட்டில் இருபத்தொன்பது, இரண்டாயிரத்துக்கு மேல். பலகையில் அதை மட்டும் எழுதினேன், ஒரே வரி.

நம் வீட்டு பாட்டில் அந்த முப்பத்தெட்டில் சேராது. ஐந்தரைக்கே நான் பிடித்துவிட்டேன். மோட்டார் சத்தம் கேட்டு இவர் கொல்லைக்கு வந்தார். கையில் ஒரு காலி பாட்டில். கழுவி, துடைத்து, எண்ணைச் சுரண்டி, எல்லாம் தயாராக வைத்திருந்திருக்கிறார்.

“நா புடிக்கலாம்னு…”

“புடிச்சாச்சு” என்றேன்.

அந்த பாட்டிலைப் பம்படிச் சுவரில் கவிழ்த்து வைத்துவிட்டு வயலுக்குப் போனார்.

2380. எழுதிக்கொண்டேன்.